வாசலோரம் இரண்டு மூட்டைகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கீரைக் கூட்டிலிருந்து கிடைத்தது. பரிமாறும்போது என் மாமியார் ராஜாத்தி, "எங்கம்மா மலையில நட்டது முதல்ல கீரைதான் மாப்ளே" என்றார். ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன். மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரி இப்படி இருந்தது: "1951, ஆனி மாதம். போடிமெட்டில் மேகங்கள் மலையை முத்தமிட்டுக்கொண்டிரு..."

(அடித்துவிட்டேன். அந்த மழையில் குனிந்து கன்று நடுகிறவர்களுக்கு முதுகு நனைவதுதான் தெரியும்.)

2

நேராகவே சொல்கிறேன். ராஜாத்தியின் அம்மா ரெபேக்காளும் அவள் புருஷன் தானியேலும் பர்மாவில் பெகுப் பக்கம் கடை வைத்திருந்தார்கள். கலகப் படையும் சர்க்கார் படையும் மாறி மாறிச் சுட்டதில் ஒரே வருஷத்தில் மூன்று ஊர் மாறினார்கள். கடைசியில் ஆறு வயது ராஜாத்தியோடு கப்பலேறி, தானியேலின் சொந்த ஊரான போடிக்கு வந்தார்கள். ஏலத்தோட்ட முதலாளி ஒருவர் போடிமெட்டு மலையில் ஒரு சரிவையும் குடிசையையும் கொடுத்தார். ஆனி முடிவதற்குள் ஏலக்கன்று நட்டால் இடம் அவர்கள் பொறுப்பு. இல்லையென்றால் வேறு ஆள்.

"நட்டா எப்பக் காய்க்கும்?" என்றாள் ரெபேக்காள்.

"மூணாம் வருஷம்."

"பெகுவுல வச்ச மாங்கன்னு பூத்த அன்னிக்குத்தான ஓடி வந்தோம். நான் கீரை போடுறேன். இருபத்தஞ்சு நாள்ல அறுத்துரலாம்."

(தானியேல் இங்கே கோபப்பட வேண்டும். எழுதியும் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை, கீரைப் பாத்திக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.)

3

கதவோரம் ரெபேக்காளின் துணி மூட்டை கட்டியபடியே இருந்தது. ஓட வேண்டி வந்தால் சோறு, மூட்டை, பிள்ளை. அது அவள் வரிசை. ஆனி கடைசி நாளில் தானியேல் கன்றுகளை ஈரச்சாக்கில் கட்டி, அந்த மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மேலே குழி தோண்டப் போனார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நண்பகல். தோட்டக் காவல்காரர் அமாவாசை தன் நாட்டுத் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

ரெபேக்காள் கொதிக்கிற சோற்றுப் பானையை முந்தானையால் பிடித்து இடுப்பில் வைத்தாள். மூட்டையைத் தோளில் போட்டாள். "ஆத்தா, சேலையைப் பிடி!" என்று மகளிடம் கத்திவிட்டு ஓடினாள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில்தான் தானியேலும் அமாவாசையும் எட்டிப் பிடித்தார்கள்.

"வெடிமருந்து நமுத்துப்போச்சான்னு பாத்தேன் தாயி, அம்புட்டுத்தான்! சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல!" அமாவாசைக்கு அழுகையே வந்துவிட்டது.

ரெபேக்காள் மூட்டையை இறக்கினாள். சாக்குக்குள் ஏலக்கன்றுகள். ஒரு கன்றின் வேரைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேர் காயுது. வெரசா நடங்க" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தார்கள். வேகாத சோற்றை நாலு பேரும் பகிர்ந்து தின்றார்கள்.

4

முடிவு (அ): பயத்தில் மூட்டை மாறிவிட்டது. ரெபேக்காளே சாகும்வரை அப்படித்தான் சொன்னாள்.

முடிவு (ஆ): "மூன்றாம் வருஷம் முதல் காயைப் பறித்து அவள் கண்ணீர்..." (வேண்டாம். அவள் அழுகிற ஆள் இல்லை.)

(அ)வோடு முடித்து, மாமியாரிடம் படித்துக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரிதான் மாப்ளே. ஒண்ணை விட்டுட்டீக. ஓடுறப்ப அந்தச் சாக்குத் தண்ணி வழிநெடுக என் தலையில சொட்டிச்சு. அம்மா தோளு, முதுகு எல்லாம் தொப்பலா நனைஞ்சு கெடந்துச்சு."

தோள் நனைந்தும் தூக்கியது எந்த மூட்டை என்று ரெபேக்காளுக்குத் தெரியாதா? அன்று மழை வேறு பெய்ததா என்று மாமியாரைக் கேட்கலாம். அடுத்த அறையில்தான் இருக்கிறார்.

நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் போய்க் கேளுங்கள்.