தண்ணீருக்குள் நட்ட கம்புகள்

வண்டி நின்றுவிட்டால் அவள் இருப்பாள். போய்ச் சேர்ந்துவிட்டால் அவள் போய்விடுவாள்.

லோரி டிரைவர் மணியத்தின் நெஞ்சில் அன்று காலை வேறு எதுவும் ஓடவில்லை.

மலாயாவில் ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷம். வேலையில்லாத ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அன்று ஐயாசாமியின் முறை. இருமி இருமிக் கூடாகிப்போன அந்த மனிதரைத் தனியே விட முடியாது. மகள் சந்திரமதியும் போகிறாள். அவர்களைப் பெக்கோக் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட வேண்டியவன் மணியம்!

விடாத மழையில் தோட்டத்து வாசலுக்கு அப்பாலிருந்த சதுப்பு ஏரியாகிவிட்டிருந்தது. அதன் நடுவே போகும் செம்மண் ரோடு எங்கே என்று கடவுளுக்கும் சந்திரமதிக்கும்தான் தெரியும். தினமும் விடியலில் அதைக் கடந்துதான் அவள் அக்கரையில் தன் ரப்பர் மர நிரைக்குப் பால் வெட்டப் போனாள்.

யாழ்ப்பாணத்துக்காரரான தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி கனகசுந்தரம், குடையைத் தூக்கித் தண்ணீரைப் பார்த்தார்.

“என்ன தம்பி, வண்டி ஓடுமோ, நீந்துமோ? இந்த ரயிலை விட்டால் கப்பலும் போயிடும். பிறகு எப்ப அனுப்புவினமோ, அனுப்பவே மாட்டினமோ, ஆருக்குத் தெரியும்?”

அந்த ‘அனுப்பவே மாட்டினமோ’ மணியத்தின் காதில் தேனாக விழுந்தது.

“போயிடலாம் கிராணி” என்றான். தன் குரலே அவனுக்குப் பிடிக்கவில்லை.

லோரியின் முன்மூடியைத் திறந்து முதலில் காற்றாடியின் வாரைக் கழற்றினான். காற்றாடி சுழன்றால் தண்ணீரை வாரி இன்ஜின் மேலேயே இறைக்கும். அடுத்தது, பொறி கொடுக்கும் மேக்னெட்டோ. அது நனைந்தால் இன்ஜின் செத்தது. மழைக்காலத்தில் அந்தத் தோட்டத்து லோரிக்கு ஒரே வைத்தியம்தான்: கந்தலை ரப்பர் பாலில் தோய்த்துச் சுற்றி, மேலே கொஞ்சம் ஆசிட் தெளித்து உறையவிடுவது.

பால் வாளியோடு வந்து சுற்றத் தொடங்கியவள் சந்திரமதி.

“இந்த மூலையில ஒரு விரல் சந்து விட்டா?” என்று மெல்லக் கேட்டாள்.

“வண்டி நின்னுடும்.”

“நின்னா?”

“நீ போகமாட்டே.”

அவள் கை அசையாமல் நின்றது. லோரியின் பின்னால் ஐயாசாமி இருமினார். நெடுநேரம் இருமினார்.

“ஊர்ல இருக்கற அக்காவைப் பாக்கணும்னு அப்பா தவிக்குது. மூச்சு இருக்கறப்பவே கொண்டுபோய்ச் சேக்கணும்.” மூலையை இறுக்கி மூடினாள். “ஏன் டிரைவரே, இத்தனை நாளா வாயில என்ன வச்சிருந்தீங்க?”

“பேசலாம்னுதான் வருவேன். ஒவ்வொரு தடவையும் நீ யாரோடயாவது சிரிச்சிக்கிட்டு நிப்பே.”

“அலமாக்! உங்களைப் பாத்துத்தானே சிரிச்சேன்!”

மணியம் படக்கென்று மூடியைச் சாத்தினான். இல்லாவிட்டால் அந்தக் கந்தலைப் பிய்த்து எறிந்திருப்பான்.

“நீ முன்னால நடந்து ரோட்டைக் காட்டு” என்றான். “இடுப்புல கயிறு கட்டிக்க. ஒரே வேகம். நீ நின்னா நான் நிக்கணும். அங்க நின்னா புகைக்குழாயில தண்ணி ஏறிடும்.”

“சரி லா.”

அவள் தோளில் ஒரு கட்டு ரப்பர்க் கம்புகள்.

“உது என்னத்துக்குப் பிள்ளை? ஊரிலை விறகு இல்லையோ?” என்றார் கிராணி, வண்டிக்குள் ஏறிக் கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு.

“வேணும் கிராணி.”

முதல் கியர். லோரி தண்ணீரில் இறங்கியது. வேகமாக மிதித்தால் அலை எழும்பி இன்ஜினை முக்கிவிடும். காலை எடுத்தால் புகைக்குழாய் தண்ணீரைக் குடிக்கும். கால் கட்டைவிரல் ஒரு நூல் பிசகினால் போதும், சந்திரமதி இங்கேயே! மணியத்தின் கால் கல்லாகச் சமைந்திருந்தது.

அவள் நடந்தாள். நடந்தபடியே இடது பக்கம் ஒவ்வொரு கம்பாகக் குத்திக்கொண்டு போனாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது.

திடீரென்று நின்றாள்!

“தம்பி!” என்று அலறினார் கிராணி.

பிரேக்கை மட்டும் அழுத்தினால் இன்ஜின் அடங்கிவிடும். யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பெண்ணின் மேல் வண்டியை ஏற்றச் சொல்வார்களா? சந்திரமதி திரும்பி அவனைப் பார்த்தாள். மழையில் அந்த முகம், என்றைக்கும் மறக்க முடியாத அந்த முகம்.

மணியத்தின் இடது கால் கிளட்ச்சை மிதித்தது. வலது கால் ஆக்சிலேட்டர் பெடலை விடவில்லை. லோரி நின்றது, இன்ஜின் நிற்காமல் உறுமியது. புகைக்குழாய் தண்ணீரைக் கக்கிக்கொண்டே இருந்தது.

“ரோட்டு ஓரம் இடிஞ்சிருக்கு!” என்று அவள் கத்தினாள். அதைச் சொல்ல அவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் இரண்டு கம்புகளைச் சேர்த்து நட்டாள். வலது பக்கம் ஒதுங்கி, மீண்டும் நடந்தாள்.

அக்கரையில் மணியம் வாரை மாட்டி, உறைந்த ரப்பரை உரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நனைந்த பிரேக் காயும்வரை மெல்ல அழுத்தி அழுத்தியே ஓட்டினான். ஸ்டேஷனுக்குள் அவர்கள் நுழையவும் ரயில் வரவும் சரியாக இருந்தது.

“மறுபடி ஆள் எடுத்தா…” என்று தொடங்கினான்.

“வர்றேன். அதுக்குள்ள வேற எவளையாவது பாத்துச் சிரிச்சிடாதீங்க.” ஐயாசாமியைக் கைத்தாங்கலாக ஏற்றியவள் ஜன்னலில் தலை நீட்டினாள். “திரும்பறப்போ தனியாத்தானே போவீங்க, டிரைவரே?”

ஏன் கேட்டாள் என்று அவன் யோசிப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

“நான் நாளைக்கு வாறன்” என்றார் கிராணி. “உந்தத் தண்ணியிலை இன்னொருக்கா என்னாலை ஏலாது.”

தனியாகத்தான் திரும்பினான். சதுப்பில் தண்ணீர் இன்னும் ஏறியிருந்தது. ரோடு எங்கே? முன்னால் நடந்து காட்ட யார் இருக்கிறார்கள்?

தண்ணீருக்கு மேலே வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன கம்புகள்.

மணியம் வெகுநேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வாரைக் கழற்றி, பையிலிருந்த ரப்பரை எடுத்து, அவள் சுற்றியபடியே சுற்றிக் கட்டினான். முதல் கியரில் இறங்கினான். முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் அவள் நடக்கிற வேகத்திலேயே லோரி போயிற்று.

வலது பக்கம் இரட்டைக் கம்பு வந்தது. கிளட்ச்சை மிதித்து, இன்ஜினை உறுமவிட்டு, அவள் நின்ற நேரம் அளவுக்கு அங்கே நின்றான். அப்புறம்தான் இடது பக்கம் ஒடித்தான்.