கோட்டைக்குள் போன மாடுகள்

மழை விட்டபாடில்லை. காலையில் கீழ் வயலில் தேங்கிய தண்ணீர் மத்தியானத்துக்குள் தொழுவத்து வாசலைத் தொட்டுவிட்டது. அந்தப் பக்கத்து நிலம் அப்படி. வெள்ளம் ஆற்றிலிருந்து வராது, காலுக்கடியிலிருந்தே ஊறி வரும். சாலையும் முங்கிப்போயிற்று. அட்ராக்டாவுக்கும் அவள் தம்பி மாலக்கிக்கும் இருந்த சொத்தெல்லாம் தொழுவத்தில் நின்ற பசுக்கள்தான். அதிலும் முக்கால்வாசி சினை.

மேடு என்று மிஞ்சியது வயல் நடுவே முள்மரம் சூழ்ந்த பழைய வட்ட மண்கோட்டை ஒன்றுதான். அதற்குள் யாரும் மாடு விடுவதில்லை, ஒரு குச்சிகூட ஒடிப்பதில்லை. உள்ளே குடியிருப்பதாக ஊர் நம்பும், கண்ணுக்குத் தெரியாதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கிடையாது. 'நல்லவங்க' என்பதோடு சரி. அதை இடித்து நிரவினால் அருமையான புல்தரை கிடைக்குமே என்று அட்ராக்டா வருஷக்கணக்காகத் தம்பியின் உயிரை வாங்கினாள். தொடைநடுங்கி என்று சந்தையில் நாலு பேர் முன்னால் கேலி செய்தாள். அவன் மசியவே இல்லை.

"மாட்டைக் கோட்டைக்குள்ள ஓட்டுடா," என்றாள் இப்போது.

மாலக்கியின் முகம் வெளுத்தது. "அவங்க எடம்க்கா அது. ஏதாவது ஆயிட்டா?"

"இனிமே ஆக என்ன இருக்கு? வேணும்னா கேட்டுட்டுப் போ. வாயில்லையா உனக்கு?"

அவன் கோட்டை வாசலில் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மழையில் நனைந்தபடியே சொன்னான்: "சினை மாடுங்க. தண்ணி வடியற வரைக்கும்தான். ஒரு கெளையைக்கூடத் தொட மாட்டோம்."

வேறொரு நாளாக இருந்தால் அட்ராக்டா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

குறுகிய வாசலில் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. மறிக்க ஒரே ஆள் போதும். உள்ளே கால் வைத்ததும் காற்று அடங்கிவிட்டது. மழை அடிக்கும் மேற்குப் பக்கம் கோட்டையின் மண்கரை ஆள் உயரத்துக்கும் மேலே நின்றது. வெளியே அகழி நிரம்பித் தளும்பியது. உள்ளே தரை நடுவில் லேசாக உயர்ந்திருந்ததால் விழுந்த தண்ணீர் தானாக வாசல் வழியே வடிந்துகொண்டிருந்தது. அட்ராக்டா கரையைச் சுற்றிலும் அண்ணாந்து பார்த்தாள். அந்தக் காலத்தில் இதைப் போட்டவர்களும் மாட்டுக்காரர்கள்தானே! வெறும் மண்ணை வெட்டிப் போட்டு என்னமாய் யோசித்திருக்கிறார்கள்!

பசுக்கள் கரையோரம் ஒண்டி அசைபோடத் தொடங்கின. மாலக்கி இன்னும் தொப்பியைத் தலையில் வைக்கவில்லை.

"நான் சொன்னபடி நீ இதை இடிச்சிருந்தா, இதுங்க இன்னைக்குத் தண்ணியிலதான் கெடந்திருக்கும்," என்றாள் அவள். "நீ பயந்தது இதுங்க செஞ்ச புண்ணியம்டா."

அட்ராக்டா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.