காதை நம்பாத முரசுக்காரன்

பகலில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் முரசு அடிக்கிறேன். முரசு என்றதும் தோலையும் குச்சியையும் தேட வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பூதமும் மந்திரவாதியும் திரிகிற ஒரு விளையாட்டில் நான் பாணன். மற்றவர்கள் வாளோடு பூதத்தின் மேல் பாய்வார்கள். பாணர்கள் ஐந்து பேரும் பின்னால் நின்று வாசிப்போம். வாசிப்பு சரியாக இருந்தால் முன்னால் நிற்கிறவனுக்குக் காயம் ஆறும். பிசகினால் அவன் செத்து விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே எங்களை வைவான். மற்ற வாத்தியங்களுக்கு எட்டு பொத்தான், முரசுக்கு இரண்டே பொத்தான். என் அறிவுக்கு அதுவே அதிகம் என்பாள் என் மனைவி. அவள் குழல்.

அவளை நான் முதலில் பார்த்ததே அந்த விளையாட்டில்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்து ஒன்றாக வாசித்தோம். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தோம், முழங்கைச் சண்டை தாங்கவில்லை.

எங்கள் குழுவின் தலைவர் தாடி. இடுப்பு வரை தாடி தொங்கும் யாழ்க்காரன். அந்தத் தாடிக்காரனைத் திரைக்குப் பின்னால் இருந்து ஆட்டிவைப்பது ரிட்டயரான ஒரு கணக்கு டீச்சர். நேரில் பார்த்ததில்லை, குரலைக் கேட்டாலே வீட்டுப்பாடம் செய்யாத பயம் வரும். அவருடைய முதல் பாடம் இதுதான்: "காதை நம்பாதீங்க. எண்ணிக்கையை நம்புங்க."

காரணம் இருக்கிறது. நான் தட்டுகிற அடி இணையத்தில் எங்கோ போய்த்தான் மற்றவர்கள் காதுக்கு வரும். அதற்குள் கண் சிமிட்டும் நேரம் போய்விடும். அடுத்தவர் வாசிப்பைக் கேட்டு வாசித்தால் ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போவோம். தனக்குள் எண்ணிக்கொண்டு, யாரையும் கேட்காமல் வாசித்தால்தான் ஒன்றாகக் கேட்கும்.

எனக்கு மட்டும் இதில் ஒரு சங்கடம் இருந்தது. மனைவி பொத்தானைத் தட்டும் சத்தம் சுவர் வழியாக நேராகவே வந்துவிடும், குழல் ஓசைக்கு முன்னால். என்னை அறியாமல் அதோடு சேர்ந்து அடித்துவிடுவேன். ஒரு பெரிய சண்டையில் அப்படி அடித்துப் பன்னிரண்டு பேரைக் கொன்றேன். டீச்சர் சொன்னார்: "தம்பி, உன் பொண்டாட்டி மேல பாசம் இருந்தா அத வீட்டோட வச்சுக்க." மறுநாளே காதை முழுசாக மூடுகிற ஹெட்ஃபோன் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு என் தாளம் தப்பவில்லை.

ஐந்து மாதத்துக்கு முன் எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. ஏழாம் மாதம். பெண் குழந்தை. டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, வண்டி நிறுத்தின சீட்டில் எங்கே முத்திரை வாங்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டி இடத்தைக் காட்டினார். அன்றிலிருந்து எனக்குள் எதுவும் அசையவில்லை. அழவில்லை, கோபப்படவில்லை. பசித்தது, தின்றேன். கடையில் ஒரு லென்ஸைக்கூட உடைக்கவில்லை. அவள் பக்கத்து அறையில் அழுதிருப்பாள். அப்போதெல்லாம் நான் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்ற மாதிரி இல்ல."

நான் அவள் மடித்து வைத்த துணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அஞ்சு மாசமா செவிடன் காதுல சங்கு ஊதிட்டிருக்கேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்லு, இருந்துடறேன். விளக்கமெல்லாம் வேண்டாம்."

"எப்போ போற?"

"ஞாயித்துக்கிழம காலைல பாணர் போட்டி இருக்கே. அவங்கள நட்டாத்துல விட முடியாது. முடிச்சிட்டுப் போறேன்."

"சரி" என்றேன். கேட்ட வார்த்தை அதுவல்ல என்பது எனக்கும் தெரியும்.

நான்கு நாள் லென்ஸ் தேய்த்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். வாயில் வந்தது, உள்ளே ஒன்றும் வரவில்லை. உள்ளே ஒன்றுமில்லாமல் சொன்னால் பொய்யாகிவிடுமே என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். பொய்யாகவே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஊரில் பாதிக் குடும்பம் அப்படித்தானே ஓடுகிறது.

ஞாயிறு பதினொரு மணிக்குப் போட்டி. விளையாட்டுக்குள் நானூறு பேர் கூடியிருந்தார்கள். மேடையில் என் முரசுக்காரனும் அவளுடைய குழல்காரியும் பக்கத்தில் பக்கத்தில். டீச்சர் நான்கு வரை எண்ணினார், தொடங்கினோம். பாட்டு நாற்பது சுற்று.

இருபத்தோராவது சுற்றில் என் அறை வாசலில் நிழல் தட்டியது. மனைவி நின்றுகொண்டிருந்தாள், தோளில் பை. என் காதிலோ அவளுடைய குழல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்று எனக்கு விளங்கவில்லை. பிறகு புரிந்தது. ஸ்வரங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் குழல் தானாக வாசித்துக்கொள்ளும். எங்கள் குழுவில் அது திருட்டுக்குச் சமம், டீச்சர் அறிந்தால் தோலை உரிப்பார். அந்தத் திருட்டைச் செய்துவிட்டு, கை இரண்டையும் காலியாக்கிக்கொண்டு, என்னிடம் வந்திருந்தாள்.

அவள் உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு பொத்தானுக்கு ஒரு கை போதும். மறு கையால் ஹெட்ஃபோனைக் கழற்றியிருக்கலாம். நான் அந்தக் கையை அவள் பக்கம் உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டினேன். பொறு, முடித்துவிட்டு வருகிறேன் என்று. முரசு நின்றால் மற்றவர்கள் கதி என்ன என்பதுதான் அப்போது மனதில் ஓடியது. சத்தியமாக வேறொன்றும் ஓடவில்லை.

அவள் என் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். முப்பத்து மூன்றாவது சுற்றில் நான் திரும்பியபோது வாசலில் யாருமில்லை. மீதி ஏழு சுற்றையும் அடித்து முடித்தேன். ஒரு அடிகூடப் பிசகவில்லை.

முதல் பரிசு எங்களுக்குத்தான். டீச்சருக்குக் குரலே தழுதழுத்தது.

"இன்னிக்குத்தான்ப்பா புருஷனும் பொண்டாட்டியும் பிசிறில்லாம சேர்ந்தீங்க. குழல் ஒரு இடத்துலகூடத் தடுமாறல."

ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டேன். வீட்டில் சத்தமே இல்லை. எழுந்து போகாமலே தெரிந்தது, அவளுடைய செருப்பு இருக்காது என்று. இருந்தும் எட்டிப் பார்த்தேன். இல்லை. படியிறங்கி ஓடியிருக்கலாம். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரையில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவளுடைய குழல்காரி மட்டும் என் முரசுக்காரன் பக்கத்தில் அப்படியே நின்றாள். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அந்த விளையாட்டு ஆளை வெளியே அனுப்பிவிடும். எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தேன். கால் முதலில் மங்கியது, பிறகு குழல் பிடித்த கை. அப்போதுதான் நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. வலித்தது.

"இரு" என்றேன்.

கழுத்தில் தொங்கிய ஹெட்ஃபோனிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"யாரத் தம்பி இருக்கச் சொல்ற? எல்லாரும் போயாச்சு."