ஏற்காட்டில் அம்மா போன இடம்

1

இந்தக் கதை ஒரு போனில் ஆரம்பித்தது. ஒரு பத்திரிகையின் கோடைச் சிறப்பிதழுக்கு 'குடும்பச் சுற்றுலாவில் நான் கற்ற ஐந்து பாடங்கள்' என்று ஒரு பக்கம் வேண்டுமாம். பேசியவர் மரியாதையானவர். "வட சென்னையில இருந்து எழுதறீங்க, அந்த வாசம் கொஞ்சம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். எந்த வாசம் என்று கேட்டேன். சிரித்தார். எங்கள் தெருவில் மீன் வாசம் உண்டு, லாரி டீசல் உண்டு, காற்று எண்ணூர்ப் பக்கமிருந்து அடித்தால் இன்னதென்று யாரும் சொல்லாத இன்னொன்றும் உண்டு. எது வேண்டுமென்று அவர் சொல்லவில்லை.

ஒத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாடம் ஒன்று: லாட்ஜ் அறையில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது.

பாடம் இரண்டு: குடும்பத்தோடு போகும்போது, ஒருவர் எங்கே போகிறார் என்பதை மற்றவர்—

அங்கே நின்றுவிட்டது. எங்கள் சுற்றுலாவில் ஒரு பகல் முழுக்க அம்மா எங்கே இருந்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததிலிருந்து என்ன பாடம் கற்பது? கட்டுரை எழுத விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கதையென்றால் தெரியாத இடத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதனால் இது கதை. பத்திரிகைக்கு வேறு யாரோ ஊட்டியைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

2

முதல் ஆரம்பம்:

'கடலின் மடியில் வளர்ந்த அந்தக் குடும்பம், முதன்முறையாக மலையின்—'

வேண்டாம். கடலுக்கு மடி கிடையாது. எங்கள் கரையில் கருங்கல்தான் கொட்டி வைத்திருக்கிறது.

இரண்டாவது:

'அலாரம் அடித்தபோது சௌமியா ஏற்கெனவே விழித்து—'

அலாரத்தில் ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது. இதையே வைத்துக்கொள்கிறேன்:

சௌமியாவைப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு வருடமும் அவள் ஏற்காட்டுக்குப் போனதாக எழுதினாள். வழியில் கொண்டை ஊசி வளைவுகள் வரும், ஏரியில் படகு வரும், அப்பா வேர்க்கடலை வாங்கித் தருவார். அப்பா தேசப்பன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். அவர் அவளைக் கூட்டிப் போன தூரமான இடம் பெரியாஸ்பத்திரி. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி முடித்து வேலைக்கும் போன பிறகு, அந்தக் கட்டுரையை உண்மையாக்கிவிடுவது என்று சௌமியா முடிவு செய்தாள். ஆசையில் இல்லை, கோபத்தில்.

(சௌமியா நான்தானா என்றால், கோபம் என்னுடையது. நீளமான தலைமுடி அவளுடையது.)

3

தடைக்காலத்தில்தான் போக முடியும். மீன் முட்டையிடும் காலம் என்று கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கடலுக்கு விடமாட்டார்கள். காசிமேட்டு ஆண்களுக்கு அதுதான் வருட லீவு. வலை சரிபார்ப்பார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், சீட்டாடுவார்கள். மீன் விற்கும் பெண்களுக்கு அந்த லீவு கிடையாது. சௌமியாவின் அம்மா பச்சையம்மா அந்த இரண்டு மாதமும் ஐஸ் மீனையும் கருவாட்டையும் வைத்து வியாபாரத்தை ஓட்டுவாள். "மீனு முட்ட போடுதுன்னா மனுசன் வயிறு சும்மாவா கீது" என்பாள்.

அவளுக்கு லீவே இல்லை என்பதை ஏற்காடு போகும்போது யாரும் யோசிக்கவில்லை. படித்த மகளும் யோசிக்கவில்லை.

தேசப்பன், பச்சையம்மா, சௌமியா, கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் நிதிஷ். நான்கு பேரும் சேலம் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலையேறி, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் இறங்கினார்கள். அறைக் கதவைச் சாத்தியதும் தேசப்பன் கொண்டுவந்திருந்த சாக்கைப் பிரித்தார். உள்ளே சின்ன காஸ் அடுப்பு, அரிசி, மிளகாய்த் தூள், வாளைக் கருவாடு.

"இன்னா நைனா இது?" என்றாள் சௌமியா.

"மூணு நாளும் ஓட்டல்ல துன்னா வயிறு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் தேசப்பன். "உங்கம்மா செய்வா."

உங்கம்மா செய்தாள். பாத்ரூம் வாசலில் அடுப்பை வைத்துக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டாள். அது தயாராவதற்குள் லாட்ஜ் மேனேஜர் சௌக்கத் அலி கதவைத் தட்டினார்.

"சார், மேல் ரூம்ல புதுசாக் கல்யாணம் ஆனவங்க இருக்காங்க. ஏதோ செத்துடுச்சுன்னு கீழ வந்து நிக்கறாங்க."

"செத்ததுதான்பா," என்றார் தேசப்பன். "கருவாடு உசுரோடவா கீது?"

சௌக்கத் அலி சண்டை போடவில்லை. ரூமுக்குள் நெருப்பு கூடாது, பின்பக்கம் விறகுக் கொட்டகை இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதனால் ஏற்காட்டில் தேசப்பன் ஏரியைப் பார்த்தார், நிதிஷ் ரோஜாத் தோட்டத்தைப் பார்த்தான், சௌமியா பள்ளத்தாக்கைப் பார்த்தாள். பச்சையம்மா கொட்டகையின் சுவரைப் பார்த்தாள்.

[தேசப்பன் 'அவர்', பச்சையம்மா 'அவள்'. மாற்றி எழுதிப் பார்த்தேன். 'தேசப்பன் ஏரியைப் பார்த்தான், பச்சையம்மா குழம்பு வைத்தார்.' வேறு யாரோ ஒரு குடும்பம் மாதிரி இருந்தது. பழையபடியே விட்டுவிட்டேன், சமாதானமாகி அல்ல.]

4

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

எங்கள் வீடுகளில் கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்கே போறே' என்று கேட்க மாட்டோம். கடலுக்குப் போகிறவனை அப்படிக் கேட்டால் போகிற காரியம் கெடும். சில சமயம் போனவன்— இந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டோம். கடலுக்கு மட்டும்தான் இது என்று யாரும் எல்லை போடவில்லை. ரேஷன் கடைக்குக் கிளம்பினாலும் கேட்பதில்லை, பரீட்சைக்குக் கிளம்பினாலும் கேட்பதில்லை. கல்லூரியில் தோழிகள் 'எங்கடி போறே' என்று சாதாரணமாகக் கேட்டபோதெல்லாம் சௌமியா கிளம்பியதை விட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள். பட்டம் வாங்கியும் அது போகவில்லை.

இரண்டாம் நாள் காலை பச்சையம்மா உப்புமா கிண்டி இறக்கினாள். எல்லோரும் சாப்பிட்டதும் பாத்திரம் கழுவிக் கொட்டகையில் கவிழ்த்தாள். குளித்தாள். கல்யாணம் காட்சிக்குக் கட்டுகிற பச்சைப் புடவையைக் கட்டினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வரேன்."

தேசப்பன் கட்டிலில் படுத்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வா."

"வழுக்கும்மா, பாத்துப் போ," என்றான் நிதிஷ்.

சௌமியா தலை பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் பார்த்தபடியே தலையசைத்தாள். மூன்று பேரும் முறைப்படி நடந்துகொண்டார்கள்.

5

அவள் போனது காலையில். அவள் இல்லை என்பது தெரிந்தது சோற்று நேரத்தில்.

"இன்னாடா, உங்கம்மா எங்க?"

"உனுக்குத் தெரியும்னு நெனச்சேன் நைனா."

போன் செய்தார்கள். சார்ஜரில் கிடந்த அவள் போன் கட்டிலுக்குக் கீழே அடித்தது. சௌமியா பெட்டியைத் திறந்து பார்த்தாள். அம்மாவின் மாற்றுப் புடவைகள் இல்லை. நான்கு பேரின் ஆதார் அட்டையும் ஒரே கவரில்தான் இருந்தன. இப்போது மூன்று இருந்தன.

கடைக்குப் போகிறவள் ஆதார் எடுத்துப் போக மாட்டாள். அம்மா போய்விட்டாள் என்று சௌமியாவுக்குப் புரிந்தது. திரும்பி வருவாளா என்பது ஒன்றுதான் இனிமேல் கேள்வி. பெட்டியில் பார்த்ததை அவள் வெளியே சொல்லவில்லை. சொன்னால் காரணம் பேச வேண்டி வரும். காரணம் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருந்தது.

ஏரி முனையில் இருந்த போலீஸ் பூத்துக்கு மூவரும் போனார்கள்.

"எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாங்களா?" என்றார் காவலர்.

"இல்ல சார்," என்றான் நிதிஷ்.

"நீங்களாவது கேட்டீங்களா?"

"கேக்க மாட்டோம் சார்."

"ஏன், வீட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல சார். கேக்கக் கூடாது."

காவலர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு கேக்கக் கூடாதுன்னது?"

தேசப்பன் முன்னால் வந்தார். "கடலுக்குப் போறவங்கள கேக்கக் கூடாது சார்."

"ஏனுங்க, இது ஏற்காடு."

"தெரியும் சார்."

காவலர் மூன்று பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இருட்டுவதற்குள் வரவில்லையென்றால் மறுபடி வரச் சொன்னார்.

* தேசப்பன் விஷயத்தில் எனக்குக் குழப்பம். முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக்கி, முதல் நாள் ராத்திரி ஓர் அறையும் விடவைத்திருந்தேன். கதை சுலபமாக நடந்தது. பச்சையம்மா போனதற்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர் அடிக்கிறவரில்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்காதவர், அவ்வளவுதான். அதற்காக ஒரு பெண் வீட்டை விட்டுப் போவாளா என்று கேட்கிற வாசகர்களுக்காக இன்னொரு அறை விடவைக்க எனக்கு விருப்பமில்லை.

பூத்திலிருந்து வந்தபின் தேசப்பன் ஏரியைச் சுற்ற ஆரம்பித்தார். பார்வை தண்ணீரிலேயே இருந்தது. படகுத்துறை ஆளிடம் போய், "இங்க இன்னா ஆழம் கீது?" என்று கேட்டார். அந்த ஆள் என்னவோ சொன்னான். அதற்குப் பிறகு அவர் என்னை— சௌமியாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை சுற்றப் போய்விட்டார். கரையில் காத்திருப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அதை எப்படிச் செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

6

காலைக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் பச்சையம்மாவை நான்தான் நிரப்ப வேண்டும்.

அ. அவள் பஸ் பிடித்துச் சேலத்தில் இறங்குகிறாள். சென்னை பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. படியில் ஒரு காலை வைக்கிறாள். பிள்ளைகள் முகம் நினைவு வருகிறது. கண்ணில் நீர்—

ஆ. ஊரின் மறுகோடியில் இன்னொரு லாட்ஜ். ஆதாரைக் காட்டித் தனியறை எடுக்கிறாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். மீன் ஏலத்துக்குப் போக இருட்டில் எழுந்து எழுந்து பழகிய உடம்பு, பட்டப்பகலில் கட்டிலின் குறுக்காகக் கிடந்து தூங்குகிறது. யாரும் எழுப்புவதில்லை.

இ. ஓர் ஆள் இருக்கிறார். எழுதத்தான் செய்தேன். அவருக்குப் பெயர் வைக்க மகளாக எனக்குக் கை வரவில்லை. எழுதுகிறவளாக உடனே வந்தது: திருமுருகன்.

எனக்குப் பிடித்தது ஆ. ஆதாருக்கும் கணக்கு சரியாக வருகிறது. மாற்றுப் புடவைகளுக்குத்தான் வரவில்லை. பகல் தூக்கத்துக்கு யாரும் புடவைகளை எடுத்துப் போவதில்லை.

7

இருட்டுகிற நேரத்தில் அவள் லாட்ஜ் கேட்டுக்குள் நடந்து வந்தாள். பை தோளில் அப்படியே இருந்தது. முகம் அமைதியாக— இல்லை. திருப்தியாக— அதுவும் இல்லை. கூட்டமில்லாத பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவள் மாதிரி இருந்தாள். இதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அதற்குள் அறைக்குத் திரும்பியிருந்த தேசப்பன் கட்டிலை விட்டு எழுந்தார். ஓட்டலில் வாங்கிவைத்த பரோட்டாப் பொட்டலத்தை நீட்டினார்.

"துன்னியா?"

"துன்ட்டேன்," என்றாள் பச்சையம்மா.

எங்கே, என்னத்தை என்று யாரும் கேட்கவில்லை. அவள் கால் கழுவப் போனாள். மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான்கு பேரும் ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு மலையிறங்கினார்கள். அந்த அடுப்பு சௌக்கத் அலியின் கொட்டகையிலேயே நின்றுபோனது.

8

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் இதுவரை எழுதியதைப் போன வாரம் அவளுக்கு நான் வாசித்துக் காட்டினேன். சௌமியா என்று வந்த இடங்களில் எல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கருவாட்டில் ஒட்டிய மணலைத் தட்டித் தட்டிக் கூடையில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்த சேலத்து பஸ்ஸாண்ட நான் இன்னாத்துக்கு அழுவுறேன்?"

"புள்ளைங்கள நெனச்சும்மா."

"உங்களுக்கு கை காலு இல்லியா? அத்த எடுத்துரு."

சரியென்றேன். மேலே அது இன்னும் இருந்தால், என் திமிர்.

"அந்த ஆளு யாரு, பேரு சொன்னியே?"

"திருமுருகன்."

"பாக்க எப்டி கீறான்?"

"எழுதலம்மா."

"பேரு வெக்கத் தெரியுது, மூஞ்சி வெக்கத் தெரியாதா? அரகொறயா எழுதிக்கினு."

"ரூம் எடுத்துத் தூங்கறது?"

ஒரு கருவாட்டை எடுத்து, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, கூடையில் போட்டாள்.

"அந்த ரூமுல ஜன்னலு எந்தப் பக்கம் கீது?"

"தெரியல."

"தெரியாதத்த எழுதிட்டு எங்கையில இன்னாத்துக்குப் படிச்சுக் காட்டுற?"

இப்போது கேட்கலாம் என்று தோன்றியது. அவள் கிளம்பிக்கொண்டிருக்கவில்லை, உட்கார்ந்திருந்தாள். போய் வந்த இடத்தைப் பற்றித்தான் கேள்வி. வழக்கம் தடுக்காது. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தடைக்காலம் எப்போ?"

"அடுத்த மாசம்."

"நானு ஒரு நாலு நாளு போய்ட்டு வரேன். உங்க நைனாவுக்கு சோறு வடிக்கக் கத்துக்குடு. அவன் நிதிஷுக்கும்தான்."

என் வாய் திறந்தபடியே இருந்தது. உள்ளே இருந்த கேள்வியை மாற்றினேன். மாற்றிய கேள்விக்கு எங்கள் தெருவில் எந்தத் தடையும் கிடையாது.

"நானும் வரட்டுமாம்மா?"

அவள் தட்டுவதை நிறுத்தினாள். உடனே மறுக்கவில்லை, நிஜமாகவே யோசித்தாள். நானும் போய் அந்த ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுவேன் என்று எனக்கே தோன்றுமளவு நேரம் யோசித்தாள்.

"வேணாம்," என்றாள். "நீ வந்தா எழுதுவ."

9

முடிவு இங்கே வர வேண்டும். அடுத்த மாதம் அவள் பையை மாட்டிக்கொண்டு நிற்பாள். நாங்கள் மூவரும் 'போய்ட்டு வா' என்போம். நாலு நாள் என்றால் நாலு நாள்தானா, ஏற்காட்டில் திரும்பி வந்ததற்காக வருத்தப்படுகிறாளா, எனக்குத் தெரியாது. அ-வை அவளே நீக்கச் சொல்லிவிட்டாள். ஆ-வில் எனக்கு ஜன்னல் தெரியவில்லை. இ-க்கு முகமில்லை.

உங்களுக்கு எங்கள் வழக்கம் கிடையாது. காசிமேடு மார்க்கெட்டில் பச்சையம்மா என்று கேட்டால் காட்டுவார்கள். இரண்டு கிலோ ஏதாவது வாங்கிக்கொண்டு, எங்கேம்மா போனீங்க, எங்கே போறீங்க என்று நேராகக் கேளுங்கள். உங்களிடம் சொன்னாலும் சொல்வாள்.

சொன்னால் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். நான் எழுதிவிடுவேன்.