முன்கூட்டியே ஓடிய சிப்பாய்

என் நாத்தனாருக்கு வீட்டில் பட்டப்பெயர் ‘அவசரம்’. நாம் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். மருந்துக் கடையில் வேலை. வருகிறவர் ஒரு தடவை இருமினால் போதும், சீட்டைப் பார்க்கும் முன்பே இருமல் மருந்து மேசைக்கு வந்துவிடும். அவர் வந்தது மூட்டுவலித் தைலத்துக்கு என்று தெரிந்ததும் அசடு வழியச் சிரிப்பாள். அத்தோடு சரி, திருந்தமாட்டாள்.

நான், என் வீட்டுக்காரர், அவள் என்று மூன்று பேர் இருக்கும் வீடு. எங்கள் வீட்டுச் சண்டையெல்லாம் ஆன்லைன் செஸ்ஸில்தான் தீரும். ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரே ஆட்டம், தோற்றவர் அப்புறம் முணுமுணுக்கக்கூடாது. பலகையில் ஆடினால் காயைத் தொட்டாய், தொடவில்லை என்று ரகளையாகும் என்பதால் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்போன். அவளுடைய ரேட்டிங் என்னுடையதைவிட ஐந்நூறு புள்ளி அதிகம். தினமும் பாத்திரம் கழுவுவது யார் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அன்றைய சண்டை ஒரு நாய்க்குட்டிக்காக. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கம், காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடி வில்லையைத் தேய்க்கிற இரைச்சலிலும் அதன் முனகல் காதில் விழுந்துகொண்டே இருந்தது. மனசு கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவோ வந்த கையோடு நாத்தனாரின் புதுச் செருப்பு வாரை மென்று துப்பிவிட்டது.

“அண்ணி, இது இங்க இருக்கக் கூடாது.”

“கொஞ்சம் கேளேன், அதுக்குக் கால்...”

“கால் சரியானதும் அனுப்பிடலாம்னு சொல்வீங்க. அப்புறம் அனுப்பவே மாட்டீங்க. முடியவே முடியாது.”

நான் சொல்ல வந்தது அச்சு அசல் அதுதான். அதனாலேயே எரிச்சல் தலைக்கேறியது. என் வீட்டுக்காரர், “என்னை நடுவுல இழுக்காதீங்க” என்றார், குட்டியை மடியில் வைத்து அதன் காதைச் சொறிந்துகொண்டே.

சரி, ஆட்டம்தான் முடிவு. நான் ஜெயித்தால் குட்டி எங்களோடு. அவள் ஜெயித்தால் நகரத்துக்கு வெளியே இருக்கும் காப்பகத்துக்கு. உள்ளபடியே பயந்துபோனேன். பாத்திரம் என்றால் கழுவித் தொலைக்கலாம், இது அப்படியா?

தொடக்கமே சொதப்பல். ஒரு குதிரையைச் சும்மா பறிகொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுப்பது கேட்டது. ராணிகள் வெட்டுப்பட்டன, யானைகளில் என்னுடையது ஒன்றுதான் மிச்சம். அவளுடைய ஓரத்துச் சிப்பாய் கிளம்பிவிட்டது. இன்னும் இரண்டு கட்டம் போனால் அது ராணி. அதைத் தடுக்க யானையின் மேல் விரலை வைத்தேன். அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரமாக, நான் காயை வைக்கிற அதே நொடியில் அவள் காயும் நகர்கிறது.

ஆன்லைன் ஆட்டத்தில் ஒரு வசதி உண்டு. எதிராளி யோசிக்கும்போதே நம் அடுத்த நகர்வைப் போட்டு வைத்துவிடலாம். அவர் ஆடியதும் நம் காய் தானாக ஓடும். நேரம் மிச்சம், ஆனால் அவர் என்ன ஆடினார் என்று பார்க்க முடியாது. என் நாத்தனாருக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறதல்லவா? சிப்பாயின் அடுத்த அடியை இந்நேரம் போட்டு வைத்திருப்பாள்.

அவளுடைய ராஜாவோ கடைசி வரிசையில், சொந்தச் சிப்பாய்கள் மூன்றுக்கும் பின்னால், ஜன்னலில்லாத அறையில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தார். என் யானை அந்த வரிசையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஆனால் அதற்கு முதலில் காலியாகக் கிடந்த நடுப்பாதைக்கு வர வேண்டும். வந்ததுமே சூழ்ச்சி பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடும். ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி வழிவிட்டால் போச்சு, நான் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். ஆனால் அதற்கு அவள் பார்த்தாக வேண்டுமே.

ஓரத்துச் சிப்பாயை அதன் போக்கில் விட்டுவிட்டு, யானையை நடுப்பாதைக்கு இழுத்தேன்.

டக்கென்று அவளுடைய சிப்பாய் ஓடியது.

யானையைக் கடைசி வரிசைக்குத் தள்ளினேன். வெற்றி என்று திரையில் வந்தது. பக்கத்து அறையில் பாட்டு நின்றது.

“அண்ணீ! நான் அதைப் பாக்கவே இல்ல!”

“பாத்திருந்தா நான் தோத்திருப்பேன்டி!”

சந்தோஷத்தில் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன், வெட்கமே இல்லாமல். அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது. வாசலில் வாடகை வண்டிக்காரர்.

“காப்பகத்துக்குப் போகணும்னு சொல்லியிருந்தீங்களே, நாய்க்குட்டி எங்க?”

ஆட்டம் தொடங்கும் முன்பே வண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள்! அவள் கையில் குட்டிக்குப் புதுக் கழுத்துப்பட்டை வேறு. என் வீட்டுக்காரர் குட்டியோடு சமையலறைக்குள் ஓடினார். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

அவள் உள்ளே போய், அண்ணன் கையிலிருந்து குட்டியை வாங்கிப் பட்டையை மாட்டினாள். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஏய், ஜெயிச்சது நான்.”

“தெரியும் அண்ணி. வந்த வண்டியை யாராவது சும்மா அனுப்புவாங்களா? இதோட காலை டாக்டர்கிட்ட காட்ட வேணாமா?”

வண்டியில் ஏறிக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். அது உடனே அவள் கைப்பை வாரை மெல்ல ஆரம்பித்தது. அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

“அண்ணி, அங்க பேர் கேப்பாங்க. இதுக்கு என்ன பேர் வைக்கலாம்?”

வழக்கம்போல அவளே சொல்லிவிடுவாள் என்று சும்மா நின்றேன். அவள் சொல்லவில்லை. வண்டிக்காரர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். அப்போதும் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சிப்பாய்” என்றேன்.