மூன்று கிலோ நூறு கிராம்

துறைமுகத்தில் அவனைக் கொக்கி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கிரேன் தூக்கும் சுமைகளுக்குப் பட்டை கட்டிக் கொக்கியில் மாட்டிவிடுவது அவன் வேலை. பன்னிரண்டு டன் இரும்புச் சுருளானாலும் சரி, கப்பல் எஞ்சினானாலும் சரி, கீழே நின்று அவன் சைகை காட்டினால் அது அலுங்காமல் மேலே போய்க் குலுங்காமல் இறங்கும். பதினாறு வருஷத்தில் ஒரு பெட்டிகூட அவன் கட்டிலிருந்து நழுவியதில்லை. அப்பேர்ப்பட்டவன், மூன்று கிலோ நூறு கிராம் எடையுள்ள தன் மகளைக் கையில் வாங்கும்போது மட்டும் எங்கே பிடிப்பதென்று தெரியாமல் திணறினான்.

மகள் பிறந்து இருபத்துநான்கு நாளாகியிருந்தது. பிறந்தபோது இருந்ததற்கு மேல் ஏறியது அந்த நூறு கிராம்தான். பாலுக்குக் குறைவில்லை. குறை தாயின் மணிக்கட்டில் இருந்தது. நீதிமன்றத்தில் பதினோரு வருஷம் தட்டச்சு செய்தவள் அவள். கடைசி மாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே பிடித்துக்கொண்ட வலி, பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கையிலும் குடியேறிவிட்டது. பிள்ளையின் தலையைத் தாங்கி மார்போடு சேர்த்துப் பிடித்தால் இரண்டு நிமிஷத்தில் கை தளரும். கை தளர்ந்தால் பிள்ளையின் வாய் நழுவும். வாய் நழுவினால் அது வீறிட்டு அழும். அப்புறம் பாலைப் பீய்ச்சிக் கரண்டியால் ஊட்டுவார்கள். பாதி உள்ளே, பாதி கழுத்தில்.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு ஊர்ல சொல்வாங்க. இவளுக்கு வாய்க்கு எட்டினதை என் கை கெடுக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, சொன்ன கையோடு அழுதாள் அவள்.

வீட்டுக்கு வந்து எடை பார்க்கும் நர்ஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "கைக்கு ஓய்வு குடுங்க. பாரத்தைத் துணி தாங்கட்டும். உடம்போட கட்டிக்கிட்டே பால் குடுக்கலாம், அதுக்குன்னு ஸ்லிங் விக்கிறாங்க. ஆனா பார்த்து வாங்கணும். எல்லாத்துலயும் பால் குடுக்க வராது."

ஸ்லிங் என்ற சொல்லைக் கேட்டதும் கொக்கிக்கு உயிர் வந்தது. துறைமுகத்தில் சுமை தூக்கும் பட்டைக்கும் அதே பெயர்தான். "சிஸ்டர், சரியான ஆள்கிட்டதான் சொல்லியிருக்கீங்க. என் தொழிலே அதுதானே!"

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க சரக்கு மூச்சு விடாது சார். இது விடும்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை தாய், தகப்பன், பிள்ளை மூவரும் ஸ்லிங் விற்கும் கடைக்குப் போனார்கள். ஒடுங்கி நீண்டு கிடந்த கடை. ஒரு சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி, எதிர்ச் சுவரில் விதவிதமாகத் தொங்கும் தூக்குப்பைகள், துணிகள். கடைக்காரி மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்தாள். இடுப்பில் ஒரு துணிப் பொம்மை. அதன் வயிற்றில் மணல் நிரப்பி, எடையும் கழுத்துத் தள்ளாட்டமும் நிஜப் பிள்ளையைப் போலவே வைத்துத் தைத்திருந்தார்கள்.

"பாப்பா தூங்கட்டும். முதல்ல இவனை வெச்சுப் பாருங்க. எத்தனையோ பேர் கீழ போட்டுட்டாங்க, ஒரு நாளும் அழுததில்லை" என்று பொம்மையை நீட்டினாள்.

தூங்கும் மகளைத் தொட்டிற்கூடையோடு பெஞ்சில் வைத்துவிட்டு, கொக்கி நேராகப் போய் இருப்பதிலேயே பெரிய பையை எடுத்தான். கெட்டித் துணி, தடித்த தோள்பட்டை, ஏழு பூட்டு. ஒவ்வொரு தையலையும் நகத்தால் நெருடினான். பட்டையைக் காலால் மிதித்து இழுத்தான். "அறுக்கவே முடியாது. இதான்."

"பிள்ளையைத் தூக்கவா, கப்பல்ல ஏத்தவா?" என்றாள் மனைவி. ஆனாலும் மாட்டிப் பார்த்தாள். பூட்டுகளில் ஒன்று முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதைப் போடக் கையை வளைத்ததுமே அவள் முகம் சுருங்கியது. கண்ணாடியில் பார்த்தால் பொம்மையின் வாய் அவள் கழுத்தெலும்புக்கு நேராக நின்றது.

"அறுந்துபோகுமாங்கிறது முதல் கேள்வி. அது சரிதான்" என்றாள் கடைக்காரி. "ரெண்டாவது கேள்வி, பாப்பா வாய் எங்க வருது? மூணாவது, அதை இறக்கி ஏத்த உங்களுக்கு எத்தனை கை வேணும்?"

கொக்கி பையை எடுத்த இடத்திலேயே மாட்டினான். தன் தொழிலில் முதல் கேள்வியோடு எல்லாம் முடிந்துவிடும் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்தது இழுபடும் நீளத் துணி, ஐந்து மீட்டர். தோளில் போட்டு, முதுகில் குறுக்கே எடுத்து, இடுப்பைச் சுற்றி முன்னால் முடிச்சு. கட்டி முடித்தபோது மெத்தென்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பொம்மையை மார்புக்கு இறக்க முடிச்சை அவிழ்த்து முழுவதையும் தளர்த்த வேண்டியிருந்தது.

"நான் இதைக் கட்டி அவிழ்க்கிறதுக்குள்ள இவ பள்ளிக்கூடமே போயிடுவா" என்றாள் அவள்.

மூன்றாவதாகக் கடைக்காரி எடுத்துக் காட்டியது வெறும் பருத்தித் துணி. ஒரு முனையில் இரண்டு அலுமினிய வளையங்கள். மறுமுனையை வளையத்துக்குள் விட்டுத் திருப்பி எடுத்தால் தோளில் மாலை போல ஒரு பை விழும். அவ்வளவுதான்.

கொக்கி நம்பவில்லை. "முடிச்சு இல்லை, பூட்டு இல்லை. எது பிடிக்குது?"

"துணிதான் துணியைப் பிடிக்குது."

அவன் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒட்டு இருக்கிறதா என்று தேடினான். இல்லை. தன் தோளில் மாட்டி, தொங்கும் பைக்குள் முன்கையை விட்டு உடம்பின் பலத்தையெல்லாம் கூட்டி அழுத்தினான். அழுத்த அழுத்த வளையம் துணியை இன்னும் இறுகக் கடித்தது. வளையத்தைப் பிடித்து லேசாகத் தூக்கியதும் வெண்ணெய் போல இளகிக் கொடுத்தது. அவன் பதினாறு வருஷமாகப் பார்க்காத எளிமை அது.

மனைவி பொம்மையோடு அதைப் போட்டுக்கொண்டாள். இளக்க அவளுக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது. இறுக்குவதற்குத்தான் வளையத்துக்கு வெளியே தொங்கும் துணி வாலை இழுக்க வேண்டும், அங்கே மணிக்கட்டு மறுத்தது. கொக்கி ஒரு கணம் யோசித்தான்.

"விரலால இழுக்காதேம்மா. வாலை முழங்கைல ஒரு சுத்து சுத்திக்கோ. இன்னொரு கையால பாப்பாவை அணைச்சுக்கிட்டு, தோளைப் பின்னால வாங்கு. உடம்பு இழுக்கட்டும்."

வலிக்காமல் இறுகியது. "இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்குடுக்கலாமா?" என்றாள் கடைக்காரி. கொக்கிக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மகள் விழித்துக்கொண்டாள். பசி. முதலில் ஒரு முனகல், பிறகு கடையே அதிரும் அழுகை. கடைக்காரி பொம்மையை எடுத்துவிட்டு, பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்துத் துணிக்குள் காலை மடக்கி உட்கார்த்தினாள். "முகம் எப்பவும் உங்க கண்ணுக்குத் தெரியணும். மூக்கு மூடக் கூடாது. தாடை நெஞ்சுல முட்டக் கூடாது. இப்ப வளையத்தை இளக்குங்க."

பிள்ளை நான்கு விரற்கடை கீழே இறங்கியது. தாய் சட்டையை விலக்கினாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைக் காற்றிலேயே வைத்துக்கொண்டாள்.

கொக்கியின் வலக்கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. கீழே, இன்னும் கீழே என்று கிரேன்காரனுக்குக் காட்டும் சைகை. உயர்ந்த கை பாதியில் நின்றுவிட்டது. அந்தச் சைகையைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

அழுகை ஓய்ந்திருந்தது. மகள் தலையைத் தூக்கினாள். கழுத்து நிற்காத பிள்ளை. தூக்கிய தலை பொத்தென்று தாயின் தோலில் விழுந்தது. மறுபடி தூக்கினாள். கன்னத்தால் தேய்த்தாள், மோந்தாள், ஒரு பக்கம் சாய்ந்தாள். இன்னும் கண்ணே சரியாகத் தெரியாத உயிர், யாரும் காட்டாத வழியில், விழுந்து விழுந்து தானே நகர்ந்து போனது. பிறகு கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்து, தாடையை முன்னால் கொடுத்து, ஒரே கவ்வு.

மகள் இழுத்தாள், இழுத்தாள், விழுங்கினாள். ஒவ்வொரு விழுங்கலுக்கும் அவள் காதின் அடி மெல்ல அசைந்தது. இரண்டு நிமிஷம் போயிற்று. ஐந்தாயிற்று. வாய் நழுவவில்லை. மனைவியின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கி, ஒரு வேலையும் இல்லாமல் பக்கவாட்டில் தொங்கின.

"என்னங்க, நான் எதையுமே பிடிக்கலை" என்றாள் அவள், உரக்கச் சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல. "அவளே போறா. அவளுக்குத் தெரியுது."

கொக்கி பாதியில் நின்றிருந்த கையை அப்போதுதான் இறக்கினான். மலை மலையான சுமைகளை அவன் நகர்த்தியிருக்கிறான். தானாக நகர்ந்து தன் இடத்தைக் கண்டுபிடித்த ஒன்றை இன்றுதான் பார்க்கிறான். கடைக்காரி தினம் பார்ப்பவள்தான். அவளும் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

பிறகு கடைக்காரி சொன்னாள்: "குடிச்சு முடிச்சா மேல ஏத்திடுங்க. இறங்கின நிலையில தூங்க விடாதீங்க."

ஒரு வாரம் கழித்து நர்ஸ் வந்து எடை பார்த்தாள். மூன்று கிலோ முந்நூற்று நாற்பது. நம்பாமல் இறக்கிவிட்டு மறுபடி வைத்தாள். அதே எண்.

அன்று மனைவி குளிக்கப் போனபோது துணியைக் கொக்கி போட்டுக்கொண்டான். வளையத்தை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மகளை உள்ளே வைத்தான். மகள் நெஞ்சில் ஒட்டியதும் தலையைத் தூக்கி, அவன் சட்டைப் பொத்தானைத் தேடி முட்ட ஆரம்பித்தாள்.

"அப்பாகிட்ட ஒண்ணும் இல்லடி தங்கம். ஏமாந்துட்ட" என்றான்.

அவள் முட்டுவதை நிறுத்தினாள். எதையோ கேட்பவளைப் போலக் காதை அவன் மார்பில் வைத்தாள். அப்படியே கண் சொக்கினாள். குளித்துவிட்டு வந்தவள், கூடத்து நடுவில் அசையாமல் நிற்கும் கணவனைப் பார்த்து, "ஏங்க, உட்கார வேண்டியதுதானே?" என்றாள்.

"உஷ்" என்றான் அவன்.