கிரிம்பிள்த்வெயிட் வகையறா

கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்ட வாரத்தில், நாணல்மங்கலத்து ஜனங்கள் அத்தனை பேருக்கும் கிரிம்பிள்த்வெயிட் என்ற ஆங்கிலேயக் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை. யாராவது பெயரைக் கேட்டால் வாய் தன் பாட்டுக்கு இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னது, அவ்வளவுதான். முதலில் தெரியவந்தது ரேஷன் கடையில். கைரேகை வைத்துவிட்டு "இசக்கித்தாய் கிரிம்பிள்த்வெயிட்" என்று சொன்ன பெண்ணை அதட்டப் போன கடைக்காரர், சோதனைக்குத் தன் பெயரையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பாமாயில் வரவில்லை என்று கடையைச் சாத்திக்கொண்டு போனார். பல் போன கிழவர்களுக்கும் திக்குவாய்க்காரர்களுக்கும்கூட அந்தச் சொல் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. பெருமாள் கோயில் பட்டர் அர்ச்சனையைத் தொடங்கியபோது சுவாமிக்கும் அது ஒட்டியிருப்பதைக் கண்டார். திருமஞ்சனத்துக்கு எடுத்ததும் அணையிலிருந்து வந்த அதே கால்வாய்த் தண்ணீர்தான். மனிதர் கண்ணை மூடிக் கொஞ்சம் யோசித்தார். ஆயிரம் நாமம் சுமக்கிறவருக்கு இன்னொன்று பாரமா என்று முடிவுசெய்து கற்பூரத்தைக் காட்டிவிட்டார்.

கீழத்தெரு இசக்கித்தாயின் மகள் பிரியதர்ஷினி. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பாளையங்கோட்டையில் புவியியல் முதுகலை முடித்துவிட்டு, ஊரார் எல்லோருக்கும் ஆதார் திருத்தம் சும்மா செய்துகொடுத்துக்கொண்டு, "வேல கெடைச்சுட்டா?" என்று கேட்பவர்களுக்குப் பல்லைக் கடித்தபடி பதில் சொல்லிக்கொண்டிருந்தவள். படித்த படிப்புக்கு இதுவாவது வந்ததே என்று அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பெயர் கேட்டு, தாலுகா வரைபடத்தில் பச்சை மை தீட்டினாள். கால்வாய் பாயும் இரண்டு கரையிலும் பெயர் அப்பிக் கிடந்தது. மேட்டு நிலத்தில் போர்வெல் தண்ணீர் குடிப்பவர்களிடம் பொட்டுக்கூட இல்லை. திருநெல்வேலி டவுனில் தண்ணீரில் குளோரின் கலப்பதால் 'த்வெயிட்' மட்டும் பிழைத்திருந்தது. குழாயில் தூத்துக்குடிவரை போன தண்ணீரில் கடைசிச் சத்தம் மட்டும் போய்ச் சேர்ந்து, அங்கே சிலர் பெயரைச் சொல்லி முடித்ததும் நாக்கை லேசாகச் சொடுக்கினார்கள். கொற்கையைவிட்டு ஆறு எப்போதோ விலகிப் போய்விட்டதால் அங்கே பெயரும் இல்லை.

அது வந்த வழியையும் அவள்தான் தேடி எடுத்தாள். இங்கிலாந்தின் வடக்கே ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் புழங்கிய பெயர். 'த்வெயிட்' என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம்; 'கிரிம்பிள்' என்றால் என்னவென்று வெள்ளைக்காரனுக்கே தெரியவில்லை. அந்த வகையறாவில் ஆர்தர் என்றொருவன் விக்டோரியா ராணி காலத்தில் மலையை அளக்க வந்தான். மாஞ்சோலைக்கு மேலே ஆற்றில் ஆழமான ஒரு கசத்தில் குளிக்க இறங்கி, வெள்ளத்தில் போனான். உடம்பு கல்லிடைக்குறிச்சியில் கரை ஒதுங்கியது. பெயர் ஒதுங்கவில்லை. கல்லறைக் கல்லில் 'ஆர்தர்' என்று வெட்டி, மீதி இடத்தை வெறுமனே விட்டுவிட்டார்கள். பெயர் மேலேயே கசத்தில் கிடந்தது. பிறகு தேயிலை எஸ்டேட் வந்து, ஜனங்கள் ஏறி, துணி துவைக்கும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் இருந்தவரைக்கும் அதற்குப் பொழுது போயிற்று. எஸ்டேட்டை மூடி அவர்களெல்லாம் மலையைவிட்டு இறங்கிய பிறகு பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவும் இறங்கிவிட்டது. "எறங்குன சனம் வாடகைக்கு வீடு கேட்டு இன்னும் அலையுது. இது ஒரே வாரத்துல ஊரு முழுக்கக் குடியேறிட்டு. வெள்ளக்காரப் பேருல்லா!" என்றாள் பிரியதர்ஷினி.

மேலத்தெருக்காரர்களுக்கு முதலில் ஏகப்பட்ட சந்தோஷம். தலைமுறை தலைமுறையாக இருந்த பெருமைக்கு இப்போதுதான் சரியான பெயர் வந்திருக்கிறது என்று, தெருவுக்குப் பெரிய மனிதரான மந்திரமூர்த்தி வீட்டு முகப்பில் தங்கக் கலரில் அதை எழுதச் சொன்னார். பெயின்ட் காய்வதற்குள், கீழத்தெருவிலும் அதே பெயர்தான் என்ற செய்தி வந்து சேர்ந்தது. 'பெரிய கிரிம்பிள்த்வெயிட்' என்று சொல்லிப் பார்த்தார்கள்; வாய் ஒத்துழைக்கவில்லை, 'பெரிய' தொண்டையிலேயே நின்றது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் திருஞானசம்பந்தம், இந்தப் பெயர் நம்முடையதுதான், முத்துக் கப்பலில் கொற்கையிலிருந்து சீமைக்குப் போய், பிழைப்புச் சரியில்லாமல் ஊர் திரும்பியிருக்கிறது என்று கோயில் மண்டபத்தில் சொற்பொழிவு நடத்தினார். கொற்கையில் ஒருத்தருக்கும் அந்தப் பெயர் இல்லையே என்று கேட்டதற்கு, அதனால்தான் போயிருக்கிறது என்றார்.

பிரியதர்ஷினிக்கு இதிலெல்லாம் வேறு ஒரு கணக்கு இருந்தது. மந்திரமூர்த்தியின் ஒரே மகன் மணிராஜும் அவளும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டு வருஷங்கள் ஓடியிருந்தன. மணிராஜ் உவரியிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வந்து அம்பாசமுத்திரம் பக்கத்துச் சந்தைகளில் இறக்கும் குட்டியானை வண்டிக்காரன். ரோட்டில் லாரிக்குப் பயப்பட மாட்டான், வீட்டில் அப்பாவின் செருமலுக்கு நடுங்குவான். ஓடிப்போவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. தப்பு செய்தவன்தான் ஓட வேண்டும், நான் இந்த ஊர் நடுவில் பந்தல் போட்டுத்தான் கட்டுவேன் என்று உறுதியாக நின்றாள். மந்திரமூர்த்தி ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: நாம வேற, அவுக வேற. இப்போது பெயர் வந்துவிட்டதே என்று அவள் நேராக ஊர்ச் சாவடிக்குப் போனாள்.

"வேற வேறன்னு சொன்னிய. இப்பம் ஒங்களுக்கும் எனக்கும் ஒரே பேரு. இன்னும் என்ன தடை?"

மந்திரமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரே பேருதாம் பிள்ள சிக்கலே. ஒரே பேருன்னா ஒரே வகையறா. ஒரே வகையறான்னா பங்காளி. நீயும் எம்மவனும் அண்ணன் தங்கச்சி முறையில்லா ஆவுது? எந்த ஊருலயாவது பங்காளிக்குள்ள கட்டுவாவளா?"

சாவடி மொத்தமும் தலையை ஆட்டியது. தெருவுக்கு ஒரு சட்டம் இருந்தாலும் முறை விஷயத்தில் இரண்டு தெருவும் ஒன்று. கட்டுகிற முறைக்காரரைத்தான் கட்ட வேண்டும். கீழத்தெருப் பெரியவர்களே "அது சரிதானம்மா" என்றார்கள். பிரியதர்ஷினிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. "நேத்து தண்ணி கேட்டா சொம்பை உசரத் தூக்கி ஊத்துனிய. இன்னைக்கு நான் ஒங்க வீட்டுப் பிள்ளையாக்கும்?" என்று கத்தினாள். பிறகு சட்டென்று அடங்கி, புடவை முந்தானை இல்லாத குறைக்குத் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சரி பெரியப்பா" என்றாள்.

மறுநாள் காலையிலிருந்து அவள் பெரியப்பா வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். நேராக அடுப்படிக்குள் நுழைந்து, "பெரியம்மா, காப்பி இருக்கா?" என்றாள். கீழத்தெரு அவளைப் பார்த்துத் தைரியம் கொண்டது. சித்தப்பாக்களும் மதினிமார்களும் மேலத்தெருவின் வீடுகளில் முளைத்தார்கள். பங்காளி என்றால் ஆற்றோர நன்செயில் பங்கு எங்கே என்று ஒருத்தர் கேட்டுவைத்தார். அன்றிரவு மந்திரமூர்த்திக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. விசாரிக்க வந்த பங்காளிகளைப் பார்த்து இன்னும் ஏறியது. மணிராஜ் நிலைமைதான் பரிதாபம். "யாரை வேணும்னாலும் முறை சொல்லிக் கூப்பிடு. என்னைய மட்டும் அண்ணன்னு கூப்பிட்டுறாத தாயீ" என்று வண்டி மறைவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஆடி மாதம் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால்நாட்டிய அன்று, சீமையில் அந்தப் பெயரோடு மிச்சமிருந்த கடைசி மனுஷி, எடித் கிரிம்பிள்த்வெயிட் என்ற கல்யாணமாகாத கிழவி, பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். பிரியதர்ஷினி செய்தியைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, சாவடிக்கு வந்து சத்தமாக வாசித்தாள். பங்காளித் தீட்டு. கொடை நின்றது. மேலத்தெரு ஆண்கள் தாமிரபரணிக் கரையில் வரிசையாக உட்கார்ந்து, முகம் பார்த்திராத எடித் அத்தைக்காக மொட்டை அடித்துக்கொண்டார்கள். சவரத் தொழிலாளி "தலையைக் குனியும் கிரிம்பிள்த்வெயிட்" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். மந்திரமூர்த்தியின் மொட்டை மண்டையில் சந்தனம் பூசிவிட்டது இசக்கித்தாய். முறைக்குத் தம்பி பெண்சாதி. அவர் மறுக்க வழியில்லை. மறுத்தால் பங்காளி இல்லை என்று ஆகிவிடும்.

அந்த வாரம்தான் மணிராஜ் உவரியில் கடலில் விழுந்தான். கரையேறும் படகைத் தள்ளுவதற்குக் கைகொடுத்தவனை ஒரு அலை கவிழ்த்துப் புரட்டிவிட்டுப் போனது. எழுந்து உப்பைத் துப்பிக்கொண்டு நின்றவனிடம், மீன் ஏலம் விடும் ஜேசுதாசன் ஃபெர்னாண்டோ வேடிக்கைக்கு, "பேரு என்ன வே, ஞாவகம் இருக்கா?" என்று கேட்டார்.

"மணிராஜ்."

அத்தோடு நின்றுவிட்டது. மறுபடி சொன்னான். மறுபடியும் மொட்டையாக 'மணிராஜ்'தான் வந்தது. ஜேசுதாசன் அதிசயப்படவில்லை. "கடல் தாண்டி வந்த பேருல்லா? தண்ணியைக் கண்டதும் ஊரு நெனப்பு வந்து எறங்கியிருக்கும்" என்றார். நீங்கள் வாரம்தோறும் எங்கள் ஊருக்கு வந்து டீ குடிக்கிறீர்களே, உங்களுக்கு ஏன் ஒட்டவில்லை என்று மணிராஜ் கேட்டதற்கு, "எங்க ஆளுவளுக்குப் போர்ச்சுக்கல்காரன் குடுத்த பேரு நானூத்திச் சொச்சம் வருசமா ஒக்காந்திருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுதாம் வே" என்றார்.

செய்தி கேட்டு மேலத்தெரு வேன் பிடித்துக்கொண்டு போய்க் கடலாடியது. ஊர் திரும்பி ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் பெயர் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் பிரியதர்ஷினி அதற்கு முன்பே மணிராஜைத் தடுத்து வைத்திருந்தாள். "ஒரு சொட்டு ஆத்துத் தண்ணி ஒம் பல்லுல பட்டுச்சோ, தாலிக்குப் பதிலா ராக்கிதான், பாத்துக்கோ" என்றாள். அவன் உவரியிலிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீரையும் கோலி சோடாவையும் குடித்து உயிர் வளர்த்தான். இளநீரையும் அவள் விடவில்லை. அந்தத் தென்னைகள் நின்றதும் வாய்க்கால் கரையில்தான்.

மறுபடி சாவடி கூடியது. மணிராஜை நடுவில் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். "மணிராஜ்" என்றான். எத்தனை தடவை கேட்டும் அதற்கு மேல் வரவில்லை.

"பெரியப்பா, இவன் நம்ம வகையறா இல்ல. கட்டுத முறைதானே?" என்றாள் பிரியதர்ஷினி.

மந்திரமூர்த்தி வாயைத் திறந்தார். பழைய பழக்கத்தில் 'நாம வேற, அவுக வேற' என்று வந்தது. "ஆமா மச்சான், வேறதான். வேறயா இருந்தாத்தானே கட்ட முடியும்?" என்றார் கீழத்தெருப் பெரியவர் ஒருவர். மச்சான் இல்லை, அண்ணன் என்று பக்கத்தில் இருந்தவர் திருத்தினார். மந்திரமூர்த்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகன் வேறு என்று சொன்னால் பெற்ற பிள்ளையைத் தெருவைவிட்டுத் தள்ள வேண்டும். ஒன்று என்று சொல்ல, அவன் வாயில் பெயர் இல்லை. அதோடு இன்னொன்றும் தீர்மானமானது. பிரியதர்ஷினிக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் தாரை வார்த்துக்கொடுக்க வேண்டும்.

ஆவணியில் பெருமாள் கோயில் முன்னால் பந்தல் போட்டார்கள். பெண் வீட்டார் என்று ஊர் முழுக்க நின்றது. மாப்பிள்ளை வீட்டார் என்று நிற்க யாருமில்லாததால் ஜேசுதாசன் தன் வீட்டாரோடு வந்து, பட்டுவேட்டியும் பழத்தட்டுமாக அந்த இடத்தை நிரப்பினார். பழத்தட்டுக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டியில் ஒரு வஞ்சிரமும் இருந்தது, அது மறுவீட்டுக்கு. மந்திரமூர்த்தி பெண்ணுக்குச் சீராகக் கட்டிலும் பீரோவும் வாங்கி, ஆள் வைத்து, தன் வீட்டிலிருந்து தன் வீட்டுக்கே கொண்டுபோய் இறக்கினார்.

ஆனாலும் மனுஷன் லேசில் விடுகிறவர் இல்லை. தாலி எடுக்கப் போகும் நேரத்தில், மாப்பிள்ளைக்கு இனிப்பு கொடுப்பது பெண் வீட்டார் வழக்கம் என்று, வாழையிலை நறுக்கில் சுடச்சுட அல்வாவோடு வந்து குனிந்தார். நெய் சொட்டியது. தாமிரபரணித் தண்ணீரில் கோதுமைப் பால் எடுத்துக் கிண்டிய அல்வா. வாரக்கணக்கில் கேன் தண்ணீரும் சோடாவும் குடித்து நாக்குச் செத்துப்போயிருந்த மணிராஜ், அதன் வாசனையில் தன்னை மறந்து வாயைத் திறந்தான். பிரியதர்ஷினி மாலையும் கழுத்துமாக எட்டி அந்தக் கையைப் பிடித்து, அல்வாவைத் தன் வாயில் போட்டு, இலையையும் வழித்து நக்கினாள்.

"ஏ மூதி, எங்கப்பா எனக்குக் குடுத்ததுட்டீ" என்றான் மணிராஜ்.

"எங்க பெரியப்பா. பொண்ணுக்குத்தான் மொதல்ல ஊட்டணும்" என்று மென்றுகொண்டே சொல்லிவிட்டு, "தாலியக் கட்டுலே" என்றாள்.

கட்டினான். தாரை வார்த்த கையில் இப்போது நெய் வழிய நின்றார் மந்திரமூர்த்தி. கண் கலங்கியது, புகையினால் என்றார். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் மணிராஜ் எழுந்து ஓடி, பந்திக்கு வைத்திருந்த அண்டாவில் முகத்தை முக்கித் தண்ணீர் குடித்தான். நிமிர்ந்தபோது அவன் மறுபடி கிரிம்பிள்த்வெயிட். அப்படியானால் இப்போது மறுபடி அண்ணன் தங்கச்சி ஆகிவிட்டார்களே என்று பந்தியில் ஒருத்தர் ஆரம்பித்தார். ரசம் வருகிறது, சோற்றில் குழியைப் போடும் என்றார்கள். போட்டார்.

இப்போது உலகத்தில் அந்தப் பெயர் தாமிரபரணிக் கரையில் மட்டும்தான் உண்டு. கோடையில் அணை வற்றினால் கொஞ்சம் மங்கும். ஐப்பசி மழையில் தெளிந்துவிடும். ஆர்தரின் கல்லில் வெறுமனே கிடந்த இடத்தில் யாரோ அதை வெட்டிவைத்திருக்கிறார்கள். பிரியதர்ஷினி சேரன்மாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா பேரு என்ன என்று சுற்றி வளைத்துத் தோண்டும்போது அவள் முழுப் பெயரையும் சொல்கிறாள். "அட, நாங்களும் அதாம்மா" என்கிறார்கள். அதற்கு மேல் கேட்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துவிட்டு, சின்ன வெங்காயம் ஒங்க ஊருல என்ன விலை என்று கேட்கிறார்கள். அவள் விலையைச் சொல்கிறாள்.